வடிகட்டியில் தங்கியது

காலி அறையில் எடுத்த பதிவில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். விடுமுறை நாள். இரண்டாம் மாடியில் மற்ற இருபத்திரண்டு மேசைகளும் அவற்றுக்குள் தள்ளிவைத்த இருபத்திரண்டு நாற்காலிகளும் ஒழுங்காக இருந்தன. ஜன்னல் பட்டைகளுக்கு இடையில் நுழைந்த காலை பதினொரு மணி வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. ஏ.சி. ஓடாததால் கம்பளத்தின் பழைய தூசி மணமும், யாரோ குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போன ஆரஞ்சுத் தோலின் மணமும் கலந்து மெல்ல மேலே எழுந்துகொண்டிருந்தன. எங்கோ கீழே வாட்ச்மேன் இரும்புக் கேட்டை இழுக்கும் சத்தம் வந்து நின்றது. பயப்படுவதற்கு இங்கே எதுவும் இல்லை. வெளிச்சம்கூட நன்றாகவே இருந்தது.

பதிவை மறுபடி ஓட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது நொடியில் மூச்சு உள்ளே போனது. பிறகு வெளியே வந்தது. சிரமப்பட்டு, பல்லிடுக்கில் நூல் இழுப்பது போல.

அவளுடைய வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒலியில் வேண்டாத இரைச்சலை எடுக்க ஒரு வடிகட்டி செய்தால், வடிகட்டிய ஒலியை மட்டும் கேட்டால் போதாது. எதை எடுத்து வெளியே போட்டோம் என்பதையும் கேட்க வேண்டும். முதலில் இருந்த ஒலியிலிருந்து வடிகட்டிய ஒலியைக் கழித்தால், வடிகட்டியில் தங்கிப்போனது மட்டும் தனியாகக் கிடைக்கும். அதை அவர்கள் கழிவு என்பார்கள். காபி வடிகட்டியைத் தட்டிக் கொட்டும் முன் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பது மாதிரிதான் இதுவும். நல்ல வடிகட்டியின் கழிவில் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

போன வருஷம், இந்த வடிகட்டியை முடித்த அன்று, அவள் கழிவைக் கேட்கவில்லை. அவசரம். கேட்டிருந்தால் ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அவர்கள் நிறுவனம் செய்வது படுக்கையில் கிடப்பவர்களுக்கான ஒரு சிறு பெட்டி. ஒன்று நோயாளியின் தலைமாட்டில் இருக்கும். இன்னொன்று வீட்டில் வேலை செய்கிறவர்களின் பக்கத்தில் இருக்கும். இங்கே முனகினால் அங்கே கேட்கும். நோயாளி அறையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு கருவி ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், அந்த ரீங்காரத்தை மட்டும் நீக்கிவிட்டு மனிதச் சத்தத்தை அனுப்புவதுதான் அவளுடைய வடிகட்டியின் வேலை. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

அதில் ஒரு வீட்டிலிருந்து பெட்டி திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதமும் வந்தது, கோடு போட்ட தாளில், கையெழுத்தில்.

"அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பேச முடியாது. கூப்பிட வேண்டுமென்றால் கண்ணாடித் தம்ளரில் கரண்டியால் தட்டுவார். அன்று மதியம் நான் பின்கட்டில் வாஷிங் மெஷின் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெட்டி என் அருகிலேயே இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை, அதனால் தூங்குகிறார் என்று இருந்துவிட்டேன். உள்ளே போனபோது தம்ளர் உடைந்து கிடந்தது. கரண்டி கையிலேயே இருந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. பெட்டியில் கோளாறா, இல்லை நான்தான் கவனிக்காமல் விட்டேனா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் தூங்க முடியவில்லை."

மூன்று நாளாக அந்தத் தாள் அவள் கைப்பையில் இருந்தது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கடைசி வாக்கியம் மட்டும் தானாக வந்து நின்றது. அதனால்தான் இன்று யாரும் இல்லாத நாளாகப் பார்த்து வந்து, அந்தப் பெட்டியை மாடியின் கடைசியில் இருக்கும் சவுண்ட் ரூமில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, இங்கே தன் மேசையில் உட்கார்ந்து பதிவு செய்தாள். கழிவை முதல்முறையாகக் கேட்டாள்.

சவுண்ட் ரூமில் யாரும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டே வந்தாள்.

கைப்பேசி அடித்தபோது உடம்பு தூக்கிப்போட்டது. மேலாளர்.

"என்னம்மா, லீவு நாள்ல ஆபீஸ்ல இருக்கியாமே? வாட்ச்மேன் சொன்னான். வீட்ல துரத்திவிட்டுட்டாங்களா?"

"அந்த லெட்டர் விஷயமா சார். பெட்டிய ஒருவாட்டி..."

"அட, அதுக்கு ரெண்டு வரி எழுதி முடிச்சுவிடும்மா. சோதிச்சோம், பெட்டி நல்லா இருக்குன்னு. பெரியவர், பாவம், நேரம் வந்துச்சு போயிட்டார். நாளைக்குக் காலைல ரெண்டாயிரம் பெட்டி லாரி ஏறுது. நீ போட்ட ஃபில்டர்தான் நம்ம கம்பெனிக்கே சோறு போடுது, அத ஞாபகம் வெச்சுக்க."

நீ போட்ட ஃபில்டர்.

அவள் கெட்டவள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் காலையில் கணினியைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவாள். சின்ன வயதிலிருந்தே கடவுளை அவள் ஒரு பெரிய காதாகத்தான் நினைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்கிற, எதையும் வடிகட்டாத காது. இன்று காலை அந்தக் கும்பிடு வரவில்லை. கண்ணை மூடியவுடன் திறந்துவிட்டாள்.

அந்த வடிகட்டி அவளுடையது இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவனுடையது. ஏ.சி. சத்தம் பிடிக்காமல் எந்நேரமும் காதில் பஞ்சு வைத்திருப்பான் என்பதால் எல்லோரும் அவனைப் பஞ்சு என்றே கூப்பிட்டார்கள். வடிகட்டி என்பது கடைசியில் ஓர் எண் பட்டியல்தான். அந்த எண்களைக் கணக்குப் போட்டுத் தரும் நிரலைத்தான் எழுதுவது கஷ்டம். பஞ்சு அதை ஆசைக்கு எழுதிப் பொதுச் சர்வரில் போட்டுவைத்திருந்தான். இரண்டு மாதம் முட்டி மோதியும் தன்னுடையது வராமல், கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது, அவள் அதை எடுத்தாள். எடுத்தது யாருக்கும் தெரியக் கூடாது என்பதால் அவன் நிரலுக்குள் எழுதியிருந்த குறிப்பு வரிகளை எல்லாம் அழித்தாள். அவன் குறிப்புகள் அவன் பேசுவது போலவே இருக்கும். ஒன்று மிஞ்சினாலும் குரல் தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் படித்து அழிக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நீக்கிவிடலாம். நீக்கினாள். பிறகு சர்வரில் இருந்த மூல நிரலையும் நீக்கினாள். எண் பட்டியல் மட்டும் பெட்டிக்குள் போனது. பதவி உயர்வு அவளுக்குக் கிடைத்தது. குழுவில் ஆள் குறைத்தபோது பஞ்சு வெளியே போனான்.

இப்போது பட்டியலைத் திருத்த வேண்டுமென்றால் அந்த நிரல் வேண்டும்.

சர்வரில் தேடினாள். பழைய காப்பு நகல்களில், பஞ்சுவின் பெயரில் இருந்த வெற்றுக் கோப்புறையில், தன் பழைய மடிக்கணினியில், எங்கும் இல்லை. தான் எவ்வளவு சுத்தமாக அழித்திருக்கிறோம் என்பதை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இணையத்தில் இதே மாதிரி நிரல்கள் நிறையக் கிடைத்தன. பாதிப் பக்கங்கள் திறக்கவில்லை. திறந்தவை வேறு கணக்கு. ஒன்றை ஓட்டிப் பார்த்தாள், பட்டியல் பொருந்தவே இல்லை.

இடையில் இரண்டாவது பதிவு எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. புண்ணைத் தொட்டுப் பார்க்கும் விரல் மாதிரி ஏதோ ஒன்று.

இந்தமுறை கழிவில் மூச்சு நான்காவது நொடியிலேயே வந்தது. அதோடு இன்னொரு சத்தமும். மெல்லிய, நீளமான, ஓரத்தில் கொஞ்சம் நடுங்குகிற கணீர். பிறகு ஒரு கணீர். இடைவெளி. மறுபடி. அவசரமில்லாத தட்டு அது. பக்கத்து அறையில் மகள் இருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்று நம்புகிறவர் தட்டும் தட்டு.

வடிகட்டிய ஒலியைக் கேட்டாள். அதில் அமைதி. பச்சை விளக்கு எரியும் அமைதி.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். பஞ்சுவின் எண்ணை எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு அழுத்தினாள்.

"மேதையே!" அவன் குரலில் அதே கிண்டல். பின்னால் ஏதோ தேய்க்கும் சத்தம். "ஆறு மாசமா ஒரு போன் இல்ல. உயிரோடதான் இருக்கியா, இல்ல ப்ரமோஷன் கெடச்சதும் தெய்வமாயிட்டியா? இரு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருக்கேன், கையெல்லாம் நீலம்."

"ஒரு பழைய ஃபைல் வேணும். நீ எழுதுன ஃபில்டர் டிசைன் சோர்ஸ் கோடு. சர்வர்ல காணோம்."

தேய்க்கும் சத்தம் நின்றது.

"காணோமா," என்றான். பிறகு சிரித்தான். "சரி விடு, எதுக்குச் சுத்தி வளைக்கணும்? பெட்டியில இருக்கிறது என்னோடதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். மீட்டிங்ல நீ அந்த ஃபில்டர் படத்தக் காட்டுனப்ப, என் புள்ளைக்கு யாரோ வேற சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்து நிறுத்துன மாதிரி இருந்துச்சு."

அவள் கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏய், அழுதுடாத. ஒரு வாரம் கோவமா இருந்தேன். அப்புறம், சரி, யாரோ கட்டில்ல கெடக்கிறவங்களுக்கு உதவுது, யார் பேர்ல இருந்தா என்னன்னு விட்டுட்டேன். என் பேர எடுத்தது பரவால்ல. ஒண்ணே ஒண்ணுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மேல ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தேன், வேகத்தப் பத்தி. அதப் படிச்சேல்ல?"

அவள் படிக்கவில்லை. ஆனால் வேகம் என்ற ஒரு சொல்லிலேயே என்ன நடந்தது என்று முழுவதும் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். இல்லை என்ற ஒரே வார்த்தை. அவன் திட்டமாட்டான், பெயின்ட் கையோடு கிளம்பி வந்துவிடுவான். அவனால் முடிந்ததைச் செய்வான். அது அவளுக்குத் தெரியும்.

"படிச்சேன்," என்றாள்.

"மாத்திட்டேல்ல?"

"மாத்திட்டேன்."

"அப்பாடா." அவன் விட்ட மூச்சு காதில் சூடாக இறங்குவது போலிருந்தது. "இத்தன நாளா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன். கேட்டா நீ சங்கடப்படுவியோன்னு வாய மூடிக்கிட்டேன். ஃபைல்தான வேணும்? சவுண்ட் ரூம்ல கேபிள் அலமாரிக்குப் பின்னால ஒரு ஹெட்ஃபோன் டப்பா இருக்கும். அதுல ஒரு பென் டிரைவ். எடுத்துக்க. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்," என்றாள். அதுவும் பொய்.

கைப்பேசியை வைத்து நிமிர்ந்தபோது வாட்ச்மேன் எதிரில் நின்றுகொண்டிருந்தார். கையில் இரண்டு காகிதக் கோப்பை. தனக்கு வாங்கும்போது அவளுக்கும் வாங்கியிருக்கிறார். கேட்காமலே செய்கிற காரியம்.

"ரொம்ப தேங்க்ஸ்ணே," என்றாள்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். "என்னம்மா?"

"தேங்க்ஸ்ணே."

"சத்தமே வரலையேம்மா. தொண்டை கட்டிக்கிச்சா?" அவர் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "சூடா குடிங்க, சரியாயிடும்."

மூன்றாவது முறை கத்திச் சொன்னாள். தன் காதுக்குப் பெரிதாகவே கேட்டது. அவர் அதைத் தொலைவிலிருந்து வரும் ஏதோ ஒன்றைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டு, சரிம்மா என்று கையை அசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

சவுண்ட் ரூமின் கதவு கனமானது. நடுவில் இரட்டைக் கண்ணாடி. சாத்தியவுடன் காது அடைத்துக்கொள்ளும். சுவரெல்லாம் கறுப்பு நுரைப்பஞ்சு கூம்பு கூம்பாக, பேசினால் வார்த்தை வாயைவிட்டு ஒரு முழம்கூடப் போகாது போலிருக்கும். ஒரு மேசை, திரும்பி வந்த அந்தப் பெட்டி, ரீங்காரம் எழுப்ப ஒரு சின்ன ஸ்பீக்கர், கேட்டுப் பார்க்க வருகிறவர்கள் வரிசையாக உட்கார எதிர்ச் சுவர் நீளத்துக்கும் ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் அறை. ரப்பரும் பழைய வியர்வையும் கலந்த மணம். அதற்கு அடியில் ஏதோ மருந்து மணமும் லேசாக. பெட்டி ஒரு வருஷம் நோயாளி அறையில் இருந்தது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

அலமாரிக்குப் பின்னால் டப்பா இருந்தது. பென் டிரைவும். கூடவே கொண்டுவந்த மடிக்கணினியில் செருகி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். மேசைக்கு முன்னால், பெஞ்சுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

மூல நிரல் திறந்தது. முதல் வரியிலேயே அவன் குரல்.

"இதைத் தேடி வந்தவருக்கு வணக்கம். எடுத்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறேன், கூச்சம் வேண்டாம். ஆனால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். இது நொடிக்குப் பதினாறாயிரம் துண்டாக ஒலியை நறுக்கும் கருவிக்காகப் போட்ட கணக்கு. உங்கள் கருவி வேறு வேகத்தில் நறுக்கினால் கீழே உள்ள எண்ணை மாற்றாமல் ஓர் அடி நகராதீர்கள். ரீங்காரம் விழுவதற்காக நீங்கள் ஒலியில் வெட்டிய பள்ளம் இடம் மாறிவிடும். ரீங்காரம் தப்பிவிடும். யாரோ தெரியாமல் அதில் விழுவார்கள். படித்ததற்கு நன்றி. தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்."

அவர்கள் பெட்டி நறுக்குவது நொடிக்கு எட்டாயிரம். அவள் சோதித்தது தன் கணினியில். அது பதினாறாயிரம். அங்கே எல்லாம் பிரமாதமாக வேலை செய்தது. பெட்டிக்குள் போனதும் பள்ளம் பாதிக்கு இறங்கி, ஒரு கண்ணாடித் தம்ளரின் கணீர் எங்கே இருக்குமோ சரியாக அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அகலமான பள்ளம், அதில் தளர்ந்த குரல்களும் விழும். நீக்க வேண்டிய ரீங்காரத்தை அது நீக்கவே இல்லை. மலிவான மைக்குக்கு அது முதலிலேயே அவ்வளவாகக் கேட்காது என்பதால் அதையும் யாரும் கவனிக்கவில்லை.

ஓர் எண். பதினாறாயிரத்தை அழித்து எட்டாயிரம் என்று எழுதினாள். நிரல் ஒரு நொடியில் புதிய பட்டியலைக் கொடுத்தது. பெட்டியில் ஏற்றி, ஸ்பீக்கரில் ரீங்காரத்தை ஓடவிட்டாள். வெளியே ஊழியர்கள் சாப்பிடும் மேசையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து வந்து, கண்ணை மூடிக்கொண்டு பேனாவால் தட்டினாள்.

கணீரென்று கேட்டது. பெட்டி முழுசாக அனுப்பியது. கழிவில் ரீங்காரம் மட்டும், சுத்தமாக.

அழுதுவிட்டாள். ஆறுதலில் வந்த அழுகை. ரெண்டாயிரம் பெட்டியும் நல்லதாகவே போகும். இனி ஒருவருக்கும் ஆகாது.

மாற்றத்தைப் பதிவு செய்ய ஒரு படிவம் உண்டு. நிரப்பாமல் பட்டியல் லாரி ஏறும் பெட்டிகளுக்குள் போகாது. மாற்றத்தின் காரணம் என்று கேட்டது. விரல்கள் நின்றன. உண்மையை எழுதினால் அடுத்த கேள்விக்கு ஆம் என்று போட வேண்டும். ஏற்கெனவே வீடுகளில் உள்ள பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டுமா? அறுநூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்று இங்கே. ஏன் என்று கேட்பார்கள். யார் எழுதியது என்று கேட்பார்கள். வேலை போகும், பெயர் போகும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில்கூடத் தெரியும்.

சிறு மேம்பாடு என்று எழுதினாள். திரும்பப் பெற வேண்டுமா? இல்லை. மூல ஆசிரியர் என்ற இடத்தில் தன் பெயர்.

பிறகு அந்த மகளுக்குப் பதில். அதற்குத்தான் அதிக நேரம் ஆனது. மரியாதையான, அனுதாபமான நான்கு வரி. பெட்டியை முழுமையாகச் சோதித்தோம். அதில் எந்தக் கோளாறும் இல்லை. படித்துப் பார்த்தாள். தப்பு பெட்டியின் மேல் இல்லையென்றால் மிச்சம் இருப்பது யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும். இனி ஆயுசுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கரண்டி அவள் மடியில் கிடக்கும்.

அனுப்பு என்பதை அழுத்தினாள்.

ஹெட்ஃபோனில் கழிவின் ரீங்காரம் நின்றது.

ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் விளக்கு எரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. திரையில் இரண்டு கோடுகள். மேலே வடிகட்டிய ஒலி, நேராக, நூல் பிடித்த மாதிரி. கீழே கழிவு. அதுவும் நேராக.

பிறகு கீழ்க்கோடு அசைந்தது.

மூச்சு. பழைய மூச்சு. பழுதுபார்த்த வடிகட்டியில் அது வரக் கூடாது. கணக்கு சரி. எண் சரி. வரக் கூடாது. அதன் பின்னால் இன்னொரு மூச்சு, இது ஈரமாக, கொப்பளிக்கிற மாதிரி. பிறகு கட்டில் கம்பியில் மோதிரம் தட்டும் சத்தம். பிறகு ஒரு கிழவியின் குரல், யாரையோ சின்னச் செல்லப் பெயர் சொல்லி, ராஜாத்தி, ராஜாத்தி, இங்க வாடி, தண்ணி. யாரோ சுவரை விரலால் சுரண்டினார்கள். யாரோ சீட்டியடிக்க முயன்றார்கள், காற்று மட்டும் வந்தது. எல்லாம் பொறுமையாக. எல்லாம் இதோ வந்துவிடுவார்கள் என்று நம்பி.

ஒரே ஒரு கடிதம் வந்தது. கடிதம் எழுதாத வீடுகள்?

"யாரு?" என்றாள்.

மேல்கோடு அசையவில்லை. கீழ்க்கோடு துள்ளியது.

"யாரு அது?"

கீழ்க்கோடு.

கத்தினாள். கீழ்க்கோடு திரையின் ஓரம்வரை எகிறி, கறுப்பாக, பல் பல்லாக நின்றது. மேலே ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

கதவு. கைப்பிடி குளிர்ந்திருந்தது. திரும்பவில்லை. கண்ணாடிக்கு வெளியே வாட்ச்மேன் காலிக் கோப்பையை எடுக்க வந்திருந்தார். இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தாள். அவர் ஓர் அறை முழுக்க நிறைந்திருக்கும் அமைதியைக் கேட்பவர் போல நின்று, இந்தப் பக்கம் பார்த்தார். நேராக. புன்னகைத்தார். வேலையாக இருக்கிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கால்விரல் நுனியில் நடந்து போனார்.

கைப்பேசி. பஞ்சு. முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லு மேதை, கெடச்சுதா?"

"நான் படிக்கல," என்றாள். "பொய் சொன்னேன். எதையும் படிக்கல, எல்லாத்தையும் அழிச்சேன். ஒரு பெரியவர் செத்துட்டார். இன்னும் நெறைய பேர். எல்லாம் என்னால. அறுநூறு வீட்ல இருக்கு, நீ அவங்களுக்குச் சொல்லு, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு, அவமேல தப்பு இல்ல..."

"ஹலோ?"

"பஞ்சு, நான்தான்..."

"ஹலோ? சத்தமே வரலையே. ஏய், கேக்குதா?"

தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு வருஷமாகச் சொல்லாததை எல்லாம் சொன்னாள். ஒன்றுவிடாமல். அத்தனையும் கீழ்க்கோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"லைன் இருக்கு, குரல்தான் இல்ல," என்றான் அவன், தனக்குத்தானே பேசுவது போல. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஏதாவது கஷ்டமா? பரவால்ல. பேச முடியலன்னா பேச வேணாம். நான் வைக்க மாட்டேன். நீயா வைக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கேன், சரியா?"

பிரஷ் ஜன்னலில் இழுபடும் சத்தம் மெல்லத் தொடங்கியது. அவள் கதவில் நெற்றியை வைத்து நின்றாள்.

ஹெட்ஃபோன் மேசையில் கிடந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. இப்போது சத்தம் அறையிலேயே இருந்தது.

முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை. இரட்டைக் கண்ணாடியில் பெஞ்சு தெரிந்தது. இரண்டு இரண்டாக, மங்கலாக, ஆனால் தெரிந்தது. படுக்கை உடையில், முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு, ஒன்பது பேர். ஒருவர் தொண்டையில் வெள்ளைக் கட்டு. ஒரு கிழவியின் தலைமுடி ஒரு பக்கம் தலையணையில் அழுந்திய மாதிரியே இருந்தது. எல்லோர் வாயும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. யார் முகத்திலும் கோபம் இல்லை.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். பிறகு கட்டுப் போட்டவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் மெல்லத் தொட்டார். அவர் அடுத்தவரைத் தொட்டார். ஆஸ்பத்திரியில் தாமதமாக வந்து நிற்கிறவளுக்காக நல்ல மனிதர்கள் செய்வார்களே, அதைப் போல, ஒருவர் பின் ஒருவராக, சிரமப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் வந்தது.